பழைய டிராக்டருக்கு ஒரு வடிகுழாய்

நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் திருவனந்தபுரத்திற்கு வந்து குடியேறிய நம்மவருள், ஊரிலுள்ள வயலையும் வயலோடு வந்த பழைய டிராக்டரையும் இன்றும் பேணுவோர் உண்டு. ஊருக்குச் செல்லும் இரண்டொரு நாட்களில் அவ்வண்டிக்குச் செய்யத்தக்க சிறு பணி ஒன்றை இங்கே எடுத்துரைக்கின்றோம்.

எஞ்சினின் வெப்பத்தைத் தணிக்கும் நீர், ரேடியேட்டரிலும் எஞ்சின் உடலினுள்ளும் சுற்றி வருகிறது. கிணற்று நீரின் சுண்ணாம்பும் இரும்பின் துருவும் நாளடைவில் அடியிற் சேறாகப் படிகின்றன. ரேடியேட்டரை மட்டும் வடித்தால் அச்சேறு முழுவதும் நீங்காது. எஞ்சின் உடலின் தாழ்ந்த பக்கத்திலுள்ள வடிவாயையும் திறத்தல் வேண்டும். பல பழைய வண்டிகளில் அங்கிருந்த குழாய் உடைந்துபோய், துருவேறிய அடைப்பாணி ஒன்றே எஞ்சி நிற்கும். குளிர் நாடுகளில் உள்ளே நின்ற நீர் உறைந்து, ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பருத்து, எஞ்சினையே பிளந்துவிடும். நமக்கு அந்த அச்சமில்லை. நமக்குப் பகை துருவும் சேறுமே.

புதுக்குழாய் வாங்குமுன் மரையை அறிந்துகொள்ளுங்கள். கால் அங்குலக் குழாய் மரையில் ஓர் அங்குலத்திற்குப் பிரிட்டிஷ் முறையில் 19 சுற்று. அமெரிக்க முறையில் 18. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மாற்றி முடுக்கினால் மரை அழியும். வார்ப்பிரும்பு வெடிக்கவும் கூடும். வண்டியின் பெயரை நம்பியும் பயனில்லை. 1946இல் இங்கிலாந்தில் செய்யத் தொடங்கிய ஃபெர்குசன் வண்டியில் முதலில் பொருத்தியது அமெரிக்கக் கான்டினென்டல் எஞ்சின். ஸ்டாண்டர்ட் எஞ்சின் பின்னரே வந்தது. ஆகவே பழைய அடைப்பாணியையே கழற்றி, கிழக்கேகோட்டையை அடுத்த சாலைக் கடைத்தெருவுக்குக் கொண்டுசென்று ஒப்பிட்டு வாங்குவதே அறிவுடைமை. குழாய்ச் சாமான்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் மரையினவே. பொருந்தாவிடில் லேத்துப் பட்டறையில் ஏற்ற மரை வெட்டித் தருவார்கள்.

எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே ஆணியைத் தொடுக. துரு இளக்கும் எண்ணெயிட்டு ஓரிரவு விட்டு, மெல்ல அசைத்துக் கழற்றுக. நீர் வாராவிடில் வாய் அடைத்துள்ளது என்று கொண்டு, கம்பியால் குத்திச் சேற்றை நீக்குக. புதுக்குழாயின் மரையில் டெஃப்லான் நாடா சுற்றி, முதற் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுக. கையால் ஏறாத மரையை ஸ்பானரால் ஏற்ற முயலாதீர்கள். நீர் விழும் வாய் கீழ்நோக்கி நிற்கட்டும். பிறகு நீர் நிரப்பி, எஞ்சினை ஓட்டிக் கசிவு உண்டா எனப் பாருங்கள்.

இறுதியாக, தாய்மார்களுக்கு ஒரு சொல். கூலன்ட் மருந்து கலந்த நீரில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் உண்டு. அது இனிக்கும், ஆனால் கொடிய நஞ்சு. வடித்த நீரை வாயகன்ற சட்டியில் தொழுவத்தருகே விட்டுவைத்தால் குழந்தையோ நாயோ கன்றோ நக்கிவிடும். உடனே மூடியுள்ள கலத்தில் ஊற்றி, எட்டாத இடத்தில் வையுங்கள். குழாய் சிறிதாயினும், அது காப்பது ஒரு குடும்பத்தின் உழவுக் கருவியை அன்றோ!