நீல் தீவும் என் பழைய ஸ்கிரீன்ஷாட்டும்

இந்த வாரம் டெக் எபிசோட் கிடையாது. ஆனா ஒரு பக் பத்திதான் பேசப்போறேன். அந்த பக்கை எழுதினவன் நான், அதுல மாட்டிக்கிட்டவன் என் காலேஜ் ஃப்ரெண்ட்.

ஜனவரில நாங்க ரெண்டு பேரும் அந்தமான் போனோம். எட்டு மாசத்துக்கு முன்னாடி அவனுக்கு முழங்கால்ல லிகமென்ட் ஆபரேஷன் ஆச்சு. அதுக்கப்புறம் இதுதான் அவனோட முதல் ட்ரிப். "பிளான் எல்லாம் நீயே போடு மச்சான், நான் சும்மா வர்றேன்"னு சொல்லிட்டான்.

நீல் தீவு ரொம்பச் சின்னது. 2018-ல ஷஹீத் தீவுன்னு பெயர் மாத்தினாங்க, ஆனா அங்க இன்னமும் பல பேர் நீல்னுதான் சொல்றாங்க. ஸ்கூட்டர் எடுத்தா ஒரு மணி நேரத்துல தீவையே சுத்திடலாம். பரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர்னு பீச்சுக்கெல்லாம் ராமாயணப் பெயர். கிழக்குப் பாகிஸ்தான்லேர்ந்து அகதிகளா வந்த வங்காளிக் குடும்பங்கள் குடியேறின ஊர், அதனால கடைத்தெருவுல பெங்காலி தான் கேக்கும். லக்ஷ்மண்பூர் பக்கத்துல கடல் அரிச்சு உண்டாக்கின ஒரு பாறைப் பாலம் இருக்கு. அதுக்கு நடந்து போற வழி முழுக்கப் பவளப்பாறைத் தரை, லோ டைட்ல மட்டும்தான் வெளியில தெரியும்.

லோ டைட் எத்தனை மணிக்குன்னு வீட்டுலயே பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருந்தேன். காலை 8:30. அப்புறம் ஃபெர்ரி டிக்கெட் கிடைக்காம, ஹேவ்லாக்கைப் பின்னாடி தள்ளி நீலை ரெண்டு நாள் முன்னாடி கொண்டு வந்தோம். ஹோட்டல் தேதியை மாத்தினேன், ஸ்கூட்டர் புக்கிங்கை மாத்தினேன். ஸ்கிரீன்ஷாட்டை மாத்தல.

இது ஏன் தப்புன்னு புரிய கொஞ்சம் நிலாவைப் பத்திப் பேசணும். பூமி ஒரு சுத்து சுத்தி முடிக்கறதுக்குள்ள நிலாவும் தன் பாதையில கொஞ்சம் நகர்ந்துடும். அதனால ஒரு இடம் மறுபடி நிலாவுக்கு நேரா வர 24 மணி நேரம் பத்தாது, சுமார் 50 நிமிஷம் கூடுதலா ஆகும். அந்த நேரத்துக்குள்ள அந்தமான்ல ரெண்டு ஹை டைட், ரெண்டு லோ டைட். அப்போ லோ டைட் தினமும் சராசரியா 50 நிமிஷம் தள்ளிப் போகுது. நான் ரெண்டு நாள் முன்னாடியே போய் நின்னேன்னா, உண்மையான லோ டைட் ஏழு மணிக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும். முடிஞ்சிருந்தது. பழைய கேஷ்லேர்ந்து டேட்டா படிச்சிருக்கேன், அவ்வளவுதான்.

8:30-க்குப் போய் நின்னப்போ எதுவும் தப்பாத் தெரியல. தண்ணி குறைவாத்தான் இருந்துச்சு. ஏன்னா கடல் ஒரே வேகத்துல ஏறாது. மீனவங்களும் மாலுமிகளும் வச்சிருக்கற தோராயக் கணக்கு இது: லோ டைட்லேர்ந்து ஹை டைட் வரைக்கும் ஆறு மணி நேரம்னு வைங்க. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காப் பிரிச்சா, முதல் மணில ஒரு பங்கு, ரெண்டாவதுல ரெண்டு, மூணாவது நாலாவதுல மூணு மூணு, அப்புறம் ரெண்டு, கடைசில ஒண்ணு. மொத்தம் 1.8 மீட்டர்னா முதல் மணில 15 சென்டிமீட்டர்தான் ஏறும். மூணாவது மணில 45, நாலாவதுலயும் 45. நாங்க பாலத்துக்குக் கீழ செல்ஃபி எடுத்துக்கிட்டு நின்னது சரியா அந்த மூணாவது மணில.

நான் சென்னைப் பையன். மெரினால ஏற்ற இறக்கம் பெருசா கண்ணுக்குப் படாது, மணல் சரிவு அதை மறைச்சிடும். இங்க தரை கிட்டத்தட்டத் தட்டை. தண்ணி முன்னாடி அலையா வரல. எங்களுக்குப் பின்னாடி இருந்த பள்ளங்கள் வழியா சத்தமே இல்லாம வந்து நிரம்பிக்கிட்டு இருந்துச்சு.

9:45 வாக்குல திரும்பிப் பார்த்தா, வந்த வழியில பாதி காணோம். "டேய், இது வழியாத்தானே வந்தோம்?"னு கேட்டான். நான் போனை எடுத்து ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். அப்போதான் மேல இருந்த தேதி கண்ணுல பட்டுச்சு.

முழங்கால் அளவுத் தண்ணி, கீழ வழுக்கற பாறை. ரெண்டாவது பள்ளத்துல அவன் கால் நழுவி, கையை ஊனினான். பவளம் உள்ளங்கையைக் கீறிடுச்சு. கையை விட அவன் முழங்காலைத்தான் பிடிச்சுக்கிட்டான். அந்த முகத்தைப் பார்த்தப்போ எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது.

காப்பாத்தினது ஒரு லோக்கல் கைடு. காலையில வாசல்ல நின்னு, "கூட வரவா?"ன்னு ஹிந்தில கேட்டவர். "எல்லாம் போன்ல இருக்கு"ன்னு நான் அனுப்பிச்சிட்டேன். தன்னோட குழுவைக் கரையேத்திட்டு எங்களுக்காகத் திரும்பி வந்தார். பாறைச் சுவரை ஒட்டி ஒரு மேட்டு வழி இருக்கு, மேலேர்ந்து பார்த்தா தெரியாது. ஷூவைக் கழட்டாதீங்கன்னார். அவன் கையைத் தோள்ல போட்டுக்கிட்டு, ஒவ்வொரு அடியும் தன் காலால தடவிப் பார்த்து வச்சார். இடுப்பு வரைக்கும் நனைஞ்சு வெளிய வந்தோம். காசு கொடுத்தப்போ எப்போதும் வாங்கற கூலியை மட்டும் எடுத்துக்கிட்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துட்டார்.

முழங்காலுக்கு ஒண்ணும் ஆகல, ஒரு நாள் வீங்கி இருந்துச்சு. மதியம் முழுக்க அவன் என்கூடப் பேசல. தீவு 93 டிகிரி கிழக்குல இருக்கு, நம்ம கடிகாரம் 82.5 டிகிரிக்கு ஓடுது. அந்த 42 நிமிஷ வித்தியாசத்துல அங்க அஞ்சேகாலுக்கெல்லாம் சூரியன் போயிடும். இருட்டினதுக்கப்புறம் டீக்கடைல உட்கார்ந்து நானே சொன்னேன்: "தப்பு என்னோடதுடா. தேதியைப் பார்க்கல."

"தெரியும்"னான். கட்டுப் போட்ட கையை நீட்டி என் போனை வாங்கி, அந்த ஸ்கிரீன்ஷாட்டை டிலீட் பண்ணினான். அப்புறம் ஹேவ்லாக்குக்கான டைட் டேபிளை அவனே திறந்து, இன்னைக்கு என்ன தேதின்னு டீக்கடைக்காரரைக் கேட்டான்.