கண்மாய் ஏலமும் காசோலைக் கையெழுத்தும்



உள்ளாட்சியோடு கைகோத்தால் சேரிக்கு வளர்ச்சி வந்துவிடும் என்று பயிற்சி முகாம்களில் சொல்லித் தருகிறார்கள். அதற்குக் கூட்டாண்மை என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். கூட்டு என்றால் இரண்டு தரப்பு வேண்டும். ஊராட்சியின் வரவு செலவில் நம் தரப்பு எங்கே இருக்கிறது என்பதைத்தான் இந்த நினைவுரையில் பேச விரும்புகிறேன்.

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது சட்டத்திருத்தம், பொருளாதார வளர்ச்சிக்கும் சமூகநீதிக்கும் சேர்த்தே ஊராட்சி திட்டம் தீட்ட வேண்டும் என்று கருதியது. நடப்பில் முதலாவதற்கு மதிப்பீடு போடுகிறார்கள். இரண்டாவதற்குத் தீர்மானம் மட்டும் போடுகிறார்கள். பிரதிநிதித்துவம் இல்லாத பஞ்சாயத்து நமக்கு என்ன செய்யும் என்று அம்பேத்கர் 1932இலேயே பம்பாய் சட்டமன்றத்தில் வாதாடியிருக்கிறார்.

ஊராட்சியின் சொந்த வருமானம் எது? வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், கண்மாய் மீன்பாசிக் குத்தகை, புளியமர ஏலம். இதில் குத்தகையும் ஏலமும்தான் ஊரின் பழைய அதிகாரம். ஏலச் செய்தியைத் தமுக்கடித்துச் சொன்னவர் நம்மவர்; ஏலம் கேட்டவர் வேறொருவர். தனித்தொகுதி வந்ததும் அந்த ஏலத்தை நடத்தும் நாற்காலியில் ஒரு தலித் உட்கார வேண்டியதாயிற்று. 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் தலைவர் முருகேசன் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் 2006 வரை பத்தாண்டுகள் ஒரு தலித் தலைவர் பொறுப்பில் நிலைக்க முடியவில்லை. மானப் பிரச்சினை என்று மட்டும் இதை எழுதுவது பாதிக் கணக்குதான். பொதுச்சொத்தின் சாவி யார் இடுப்பில் இருப்பது என்ற சண்டையும் அது.

வெட்டரிவாள் இல்லாமலும் சாவியைப் பிடுங்கலாம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 188இன்படி காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், அதற்கு ஒதுக்கீடு இல்லை. ஆதிக்கச் சாதித் துணைத்தலைவர் பேனாவைத் திறக்காவிட்டால் தெருவிளக்குக்குப் பல்பு வாங்க முடியாது, தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் போகாது. திட்டுவது தலித் தலைவரை. முட்டல் முற்றினால் மாவட்ட ஆட்சியர் இருவரின் அதிகாரத்தையும் எடுத்து வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுப்பதும் நடக்கிறது. முடக்கியவருக்கு அதில் நட்டமில்லை, வேண்டியதும் அதுதானே!

மாற்று அனுபவமும் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996இல் தலைவரான இளங்கோ தலித், வேதிப் பொறியாளர். ஆலைக் கழிவுக்கல்லை வைத்து மலிவாக வடிகால் கட்டியபோது, விதிமீறல் என்று இடைநீக்கம் செய்தார்கள். கிராம சபை திரண்டு அவர் பக்கம் நின்றது. பதவி திரும்பக் கிடைத்தது. பிறகு அங்கே எழுந்த சமத்துவபுரத்தில் தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரே சுவரைப் பகிரும் இரட்டை வீடுகள் கட்டப்பட்டன. ஊர்க்காரர்களுக்கே வேலை, ஊரிலேயே செய்த கல். கூட்டாண்மை என்று இதைச் சொன்னால் ஒப்புக்கொள்வேன்.

அங்கும் காப்பாற்றியது கிராம சபைதான் என்பதைக் கவனியுங்கள். இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் அது கூடுகிறது. மாணவத் தோழர்கள் அடுத்த கூட்டத்துக்கு உங்கள் ஊர் மகளிர் குழுவோடு போங்கள். மீன்பாசிக் குத்தகை போன முறை யாருக்கு, எத்தனை ரூபாய்க்குப் போனது, முன்வைப்புத் தொகை எவ்வளவு, குழு ஏலம் கேட்க என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய்.