மஸ்டாங்கின் முன்சக்கரங்கள்

1964 ஏப்ரலில் அமெரிக்காவில் அறிமுகமான ஃபோர்டு மஸ்டாங், சிக்கனக் காரான ஃபால்கனின் அடிக்கட்டமைப்பைக் கொண்டிருந்ததால், வளைவுகளில் கார் சாயும்போது வெளிப்புறச் சக்கரமும் உடன் சாய்ந்து, டயரின் ஓரம் மட்டுமே சாலையைப் பற்றியது. 1965-இல் முன்னாள் பந்தய ஓட்டுநர் கரோல் ஷெல்பி மஸ்டாங்கைத் திருத்தி உருவாக்கிய ஜி.டி.350 காரில், சக்கரத்தை மேலிருந்து தாங்கும் சஸ்பென்ஷன் கையின் உட்பக்கப் பொருத்துமிடம் ஓர் அங்குலம் கீழிறக்கப்பட்டது. கார் சாயச் சாய அந்தக் கை சக்கரத்தின் மேற்பகுதியை உள்நோக்கி இழுப்பதால், டயர் கூடுதல் அகலத்தில் தரையில் பதிகிறது. பக்கத்திற்கு இரண்டு புதிய துளைகளே போதுமான இத்திருத்தம், செலவுக்கு மிஞ்சிய பயனைத் தருவது.

சாதாரண மஸ்டாங்கின் முன்சக்கரங்களில் இருந்த டிரம் பிரேக்கோ, தொடர்ந்து மிதிக்கையில் சூடேறி விரிந்து பிடிப்பை இழக்கும். காற்றுபடச் சுழலும் டிஸ்க் விரைவில் ஆறும். ஆனால், முன்சக்கரங்களுக்கு மட்டும் டிஸ்க் பொருத்துவோர், பின்பக்க டிரம்களுக்குச் செல்லும் எண்ணெயழுத்தத்தைக் குறைக்கும் வால்வைச் சேர்க்காவிடில், கடும் பிரேக்கில் பின்சக்கரங்கள் முதலில் இறுகிப்போய்க் காரின் பின்பகுதி பக்கவாட்டில் வழுக்கிச் சுழலக்கூடும்.