கடற்கரையா, மொட்டைமாடியா?

வீட்டு நாயை முறையாகப் படம் எடுத்து, சட்டம் போட்டு ஹாலில் மாட்ட வேண்டும் என்ற ஆசை இப்போது பல குடும்பங்களுக்கு வந்திருக்கிறது. பிறந்தநாளுக்கு எடுக்கிறார்கள். தத்தெடுத்த நாளை நினைவு வைத்து எடுக்கிறார்கள். வயதாகிவிட்டது, இருக்கும்போதே நல்லதாக ஒரு படம் எடுத்துவைப்போம் என்று எடுக்கிறவர்களும் உண்டு. போட்டோகிராஃபர் முதலில் கேட்பது, “எங்கே வெச்சுக்கலாம்?” சென்னையில் அதற்கு யோசிக்காமல் வருகிற பதில், “பெசன்ட் நகர் பீச்.”

அந்தக் கடற்கரையில் ஒரு ஞாயிறு மாலை லாப்ரடார் ஒன்றை மணலில் உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் கடல், கழுத்தில் புதுக் கைக்குட்டை. உட்கார் என்றால் உட்கார்ந்தது. பிஸ்கட்டை நீட்டினால் பார்த்தது. ஆனால் காது இரண்டும் பின்னால் படிந்திருந்தன. காற்று நன்றாக வீசியபோதும் வாயைத் திறந்து இளைத்துக்கொண்டே இருந்தது. நிமிடத்துக்கொரு தரம் மூக்கை நக்கியது, கொட்டாவி விட்டது. பலூன் சுடுகிற துப்பாக்கி வெடிக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்கு உருட்டியதில் வெள்ளைவிழி தெரிந்தது. “தூக்கம் வந்துடுச்சு போல” என்றார் வீட்டுக்காரம்மா. தூக்கம் வந்த நாய் அப்படி இருக்காது. பயந்த நாய், தன் பயத்தை அடக்கப் பார்க்கும்போதுதான் கொட்டாவி விடும், மூக்கை நக்கும். படத்தில் கடல் அழகாக வந்திருக்கும். நாய் முகத்தில் அந்தக் கலவரமும் அப்படியே வந்திருக்கும்.

நாம் இடத்தைக் கண்ணால் தேர்ந்தெடுக்கிறோம். நாய் முதலில் மூக்கால் பார்க்கிறது. மனித மூக்கில் வாசனை உணரும் செல்கள் லட்சக்கணக்கில் இருந்தால், நாயின் மூக்கில் அவை 10 கோடிக்கு மேல். மீன் வறுவல், பஜ்ஜி எண்ணெய், குதிரைச் சாணம், காலையில் வந்துபோன நாய்கள் விட்டுச்சென்ற மூத்திரம் என்று அந்த மணலில் நாய் படித்து முடிக்க வேண்டியது ஏராளம். அத்தனையையும் விட்டுவிட்டு, கண்ணாடி வில்லை ஒன்றை உற்றுப் பார் என்று அதைக் கேட்பது நியாயமில்லை. புது இடத்துக்குத்தான் போயாக வேண்டும் என்றால், கேமராவைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு முதல் அரைமணி நேரம் நாயை அதன் போக்கில் மோந்துபார்க்க விடுங்கள். அந்த அரைமணிக்கும் சேர்த்தே போட்டோகிராஃபரிடம் நேரம் பேசிக்கொள்ளுங்கள்.

என் கட்சி இதுதான்: எந்த இடத்தில் நாய் நான்கு காலையும் நீட்டிப் பயமில்லாமல் தூங்குமோ, அந்த இடத்திலிருந்து தேட ஆரம்பிக்க வேண்டும். பெரும்பாலான நாய்களுக்கு அது வீடுதான். வீட்டில் என்ன இருக்கிறது, துணி காய்கிற கொடியும் செருப்பு ஸ்டாண்டும்தானே என்று சொல்பவர்கள், ஒருநாள் காலை எட்டு, எட்டரை மணிக்கு நிலைவாசலைக் கவனித்துப் பார்க்க வேண்டும். வெயில் நேராக உள்ளே விழாத வாசலாக இருந்தால் போதும். கிரில் கேட்டைத் தாழிட்டுவிட்டு, கதவை முழுக்கத் திறந்து, படியிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி நாயை உட்கார வையுங்கள். தெருவின் வெளிச்சம் மொத்தமும் அதன் முகத்தில் மெத்தென்று விழும். ஹாலில் ட்யூப்லைட்டை அணைத்தால் செருப்பு ஸ்டாண்டும் தண்ணீர் கேனும் இருட்டுக்குள் போய்விடும். பின்னணிக்கென்று எந்தத் துணியும் கட்ட வேண்டாம். நாயின் கண்ணை உற்றுப் பார்த்தால் வாசலின் செவ்வகம் சின்னதாக, வெள்ளையாக மின்னும். படத்தில் முகத்துக்கு உயிர் தருவது அந்த மினுக்கு. பால்காரரையும் தெருவில் போகிற பூனையையும் நாய் தினமும் அங்கே உட்கார்ந்துதான் பார்க்கிறது. அதனால் காது தானாக நிமிரும், முகம் தானாக மலரும்.

ஒரு நிபந்தனை. எடுக்கிறவர் கீழே இறங்க வேண்டும். வாசலுக்கு வெளியே, கோலத்தை அழிக்காமல் ஓரமாகக் குப்புறப் படுத்தால்தான் கேமரா நாயின் கண்மட்டத்துக்கு வரும். நின்றபடி எடுத்தால் தலை பெருத்து, கால் குறுகி, நாய் நம்மிடம் எதையோ கெஞ்சுவதுபோல் இருக்கும். நாய்ப் படங்களுக்கென்றே தனிப் புத்தகங்கள் போட்ட அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எலியட் எர்விட் (1928–2023), 1974-ல் நியூயார்க்கில் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அதில் கிரேட் டேன் நாயின் முன்னங்கால்கள் மட்டும், பூட்ஸ் போட்ட பெண்ணின் கால்கள் மட்டும், பக்கத்தில் தொப்பி வைத்த குட்டி சிவாவா முழுதாக. இடம் என்று பார்த்தால் ஒரு சாதாரண நடைபாதை. தரைமட்டத்திலிருந்து பார்த்ததால்தான் அது படமாயிற்று.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு மொட்டைமாடி உண்டு. திறந்த வானம், தெருநாய்த் தொல்லை கிடையாது, சுண்ணாம்பு அடித்த தண்ணீர்த்தொட்டிச் சுவரே நல்ல பின்னணி. கைப்பிடிச்சுவர் தாழ்வாக இருந்தால் கயிற்றைக் கழற்றவே கூடாது. புறாவைத் துரத்துகிற நாய் சுவரைப் பார்க்காது. அதைவிடப் பெரிய ஆபத்து தரைச்சூடு. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. வியர்வைச் சுரப்பி பாதத்தில்தான் கொஞ்சம் இருக்கிறது. சூட்டை வெளியேற்ற அது முக்கியமாக நம்பியிருப்பது இளைப்பதை. வெயில் தணிந்துவிட்டதே என்று ஐந்து மணிக்கு மாடிக்குக் கூட்டிப்போவோம். தளம் பகல் முழுதும் குடித்த சூட்டை அப்போதும் கக்கிக்கொண்டிருக்கும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். நமக்குத் தாங்கவில்லை என்றால் அதற்கும் தாங்காது. பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான இனங்களை வைத்திருப்பவர்கள் சித்திரை, வைகாசியில் விடியற்காலையைத் தவிர வேறு நேரத்தை யோசிக்கவே வேண்டாம்.

இடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது நாயின் நிறத்தை. கேமராவின் வெளிச்சக்கணக்கு எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். தூய வெள்ளையான ராஜபாளையம் நாயை உச்சிவெயிலில் நிறுத்தினால், ஒன்று ரோமம் அழுக்குச் சாம்பலாக வரும். இல்லை, ரோமமே தெரியாமல் வெளுத்துப்போகும். பச்சைப் புல்லில் உட்கார வைத்தாலோ வயிற்றுப்பக்கமெல்லாம் பச்சை ஏறிவிடும். அதற்கு ஏற்றது வேப்பமர நிழல், செம்மண், காரை பெயர்ந்த பழைய சுவர். அப்போதுதான் அதன் இளஞ்சிவப்பு மூக்கு எடுபடும். கருப்பில் பழுப்பு கலந்த கன்னி நாய்க்கு நேர்மாறு. அடர்நிழலில் அதன் உடம்பு கரைந்து, புருவத்துப் பழுப்புப் பொட்டு மட்டும் மிஞ்சும். வெளிர்மணல், அறுவடை முடிந்த சோளத்தாள், காலையின் சாய்ந்த வெயில் இவையெல்லாம் அதற்குத் தோது.

சிப்பிப்பாறை நாயை நான்கு சுவருக்குள் எடுப்பதில் எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஓடுவதற்கென்றே அமைந்த உடம்பு அது. ஒட்டிய வயிறு, ஆழமான நெஞ்சு, நீண்ட கால். இதன் ஊர்ப்பக்கம் கரிசல் பூமி. அந்தக் கருமண்ணில் மணல்நிறச் சிப்பிப்பாறை ஒன்று பக்கவாட்டில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, அந்த நாயும் மண்ணும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பொருத்தம் என்பது புரியும். அங்கே எடுக்கிறவர்கள் வேலி போட்ட தோட்டமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளாட்டு மந்தையோ முயலோ கண்ணில் பட்டால் எந்தக் கூப்பாடும் அதன் காதில் விழாது. 2005-ல் அஞ்சல் துறை இந்திய நாய் இனங்களுக்கு வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ராஜபாளையம் இடம்பெற்றது. சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் அதில் இல்லை. அவை பிறந்த மண்ணிலேயே வைத்து நல்ல படங்கள் நிறைய எடுக்கப்பட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இவ்வளவுக்குப் பிறகும் கடல்தான் வேண்டும் என்பவர்களுக்கு: விடியற்காலையில் போங்கள். நமக்கு வாய்த்தது கிழக்குக் கடல். சூரியன் கடலுக்குள் இறங்குகிற படங்கள் மும்பையிலும் கோவாவிலும் எடுத்தவை. சென்னையில் மாலைச் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கும். காலை ஆறு மணிக்குக் கதை வேறு. 1930-ல் கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவு மண்டபம் பெசன்ட் நகர் கடற்கரையில் இருக்கிறது. முதல் வெயில் அதன் கடல் பார்த்த வளைவுகளில் மஞ்சளாகப் படிகிற அரைமணி நேரத்தில் கூட்டமும் குறைவு, மணலும் குளிர்ச்சி. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். உப்புநீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும்தான்.

ஜனவரி முதல் மார்ச் வரை இன்னொரு பொறுப்பும் உண்டு. பங்குனி ஆமைகள் சென்னைக் கரையில் ஏறி முட்டையிடும் காலம் அது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவினர் 1988 முதல் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைச் சேகரித்துக் காத்துவருகிறார்கள். நாய் மோப்பம் பிடித்துத் தோண்டினால் ஒரு கூட்டில் இருக்கிற நூறு முட்டையும் போயிற்று. அந்த மாதங்களில் கயிறு கையிலேயே இருக்கட்டும். படத்தில் கயிறு விழுந்தால் என்ன, பிறகு கணினியில் அழித்துக்கொள்ளலாம்.

பசுமை வேண்டும் என்று கிண்டி தேசியப் பூங்கா பக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பக்கமோ நாயோடு போகவே கூடாது. வெளிமானும் புள்ளிமானும் பறவைகளும் மிரளும் என்பது மட்டும் காரணமில்லை. நாய்களிடம் சாதாரணமாகக் காணப்படும் டிஸ்டெம்பர் வைரஸ் 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்களைத் தாக்கியது. சில வாரங்களில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் இறந்த சம்பவத்தில் அந்த வைரஸும் கண்டறியப்பட்டது. நகரப் பூங்காக்களில் நாயை விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விட்டாலும் வேலியோர அரளியைக் கவனியுங்கள். பூ, இலை, தண்டு அத்தனையும் நாய்க்கு நஞ்சு. தடுப்பூசிகள் முழுவதும் போட்டு முடிக்காத குட்டியைப் பொதுமண்ணில் இறக்கவே வேண்டாம், பார்வோ வைரஸ் மண்ணிலேயே மாதக்கணக்கில் தங்கியிருக்கும். பந்து காட்டிக் கூப்பிடுவதானால் நீலமோ மஞ்சளோ எடுத்துப்போங்கள். நாய்க்கு நன்றாகப் பிரிந்து தெரிவது அந்த இரண்டு நிறம்தான். பச்சைப் புல்லில் சிவப்புப் பந்து அதன் கண்ணுக்குப் புல்லோடு புல்லாகப் போய்விடும்.

வயதான நாய் என்றால் எங்கேயும் கூட்டிப்போக வேண்டாம். அது வழக்கமாகப் படுக்கிற மூலை, மின்விசிறிக்குக் கீழே குளிர்ந்திருக்கிற அந்த ஒரு சதுரத் தரை, தாத்தாவின் நாற்காலிக் கால் பக்கம், அங்கேயே எடுங்கள். நரைத்த முகவாயில் பக்கத்து ஜன்னல் வெளிச்சம் பட்டால் போதும். ஃபிளாஷ் போடாதீர்கள். நாயின் விழிக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்புகிற படலம் ஒன்று இருக்கிறது. ஃபிளாஷ் பட்டதும் கண் பச்சையாக எரியும்.

வீடே இல்லாத நாய்களுக்கும் படம் வேண்டும். அவற்றுக்குத்தான் அது அதிகம் தேவை என்பேன். 1959-ல் சென்னையில் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் தத்துக்குக் காத்திருக்கிற நாட்டு நாய்களை, தத்தெடுக்க நினைப்பவர் முதலில் சந்திப்பது கைப்பேசியில் வருகிற ஒரு படத்தில். கூண்டுக் கம்பிக்கு வெளியிலிருந்து எடுத்தால் கேமரா கம்பியைத்தான் தெளிவாக்கும். நாய் பின்னால் மங்கலாக, முகமில்லாமல் கிடக்கும். கருப்பு நாய் என்றால் சுத்தமாகத் தெரியாது. பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். அலுவலக வராந்தாவோ மதில்சுவரின் நிழலோ போதும், மற்ற நாய்களின் குரைப்பு கொஞ்சம் தள்ளிக் கேட்கிற இடமாக இருந்தால் சரி. கயிற்றைப் பிடிக்க, தினமும் சோறு வைக்கிற பணியாளரையே கூப்பிடுங்கள். அவர் முகத்தைப் பார்த்ததும் நாயின் முகம் மாறும். ஒரு படத்தில் அவர் கை நாயின் தோளில் இருக்கட்டும். எவ்வளவு உயரம், தொட்டால் எப்படி இருக்கும் என்பது பார்க்கிறவருக்குப் புரியும். போகும்முன் காப்பகத்துக்குப் போன் செய்து, கூண்டு கழுவுகிற நேரம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்போது எப்படியும் நாய்களை வெளியே கொண்டுவந்து கட்டுவார்கள். அந்த நேரத்துக்குப் போனால் அவர்களுக்குக் கூடுதல் வேலை வைக்காமல் ஒவ்வொன்றையும் எடுத்துவிடலாம்.