வீட்டில் செய்த ஜாய்ஸ்டிக்: சென்சாருக்கு முன் பேரிங்

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் போன்ற விமானமோட்டும் கணினி விளையாட்டுகளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டோரில் சிலர், கடை ஜாய்ஸ்டிக்கில் நிறைவு காணாமல், 3டி பிரிண்டரில் அச்சிட்ட பிளாஸ்டிக் உறுப்புகளையும் ஆர்டுவினோ என்னும் மின்னணுப் பலகையையும் இணைத்துத் தாமே ஒன்றைச் செய்துகொள்கின்றனர். அதைப் பின்னர் மேம்படுத்த முற்படும்போது முதலில் மனம் நாடுவது நல்ல சென்சாரைத்தான். ஆனால் சென்சார் அசைவை அளக்க மட்டுமே வல்லது. அவ்வசைவு சீராக அமைவது அச்சு, பேரிங், ஸ்பிரிங் ஆகியவற்றின் கையில் இருப்பதால், திருத்தம் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

கைப்பிடி முன்பின்னாகவும் இடவலமாகவும் சாய்வதற்காக, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு அச்சுகளைக் கொண்ட கிம்பல் என்னும் அமைப்பு உள்ளே இருக்கும். எளிய வடிவங்களில் பிளாஸ்டிக் துளைக்குள் போல்ட்டே நேரடியாகச் சுழல்கிறது. துளை இறுகினால் உராய்வு கையைத் தடுக்கும், தளர்ந்தாலோ மெக்கானிக்குகள் பிளே என்று சொல்லும் ஆட்டம் உண்டாகும். சென்சாரை இயக்கும் கரம் 10 மி.மீ. நீளமுடையதாயின், அதன் முனையில் 0.2 மி.மீ. ஆட்டம் இருந்தாலே ஒரு பாகைக்கும் மேற்பட்ட பிழை நேரும். நடுப்பகுதியின் சிறிய அசைவுகளைப் பொருட்படுத்தாத டெட் ஜோன் ஒன்றை மென்பொருளில் விட்டு இதை மறைக்கலாம் எனினும், விமானத்தை ஓடுபாதையில் இறக்கும்போது தேவைப்படுபவை அந்தச் சிறிய அசைவுகளே. 8 மி.மீ. உள்விட்டமும் 22 மி.மீ. வெளிவிட்டமும் கொண்ட, ஸ்கேட்டிங் சக்கரங்களில் பயன்படும் 608 வகை பேரிங்குகளை அச்சுக்கு இரண்டாக, இயன்ற அளவு இடைவெளி விட்டுப் பொருத்தி, பக்கவாட்டில் லேசாக அழுத்தி இறுக்கினால், உராய்வும் ஆட்டமும் ஒருசேரக் குறையும்.

அடுத்தது ஸ்பிரிங். இருபுறமும் இழுக்கும் இரு ஸ்பிரிங்குகளின் நிகர விசை நடுவில் மிகக் குறைவாக இருப்பதால், கைப்பிடி நடுவை எட்டும் முன்பே உராய்வில் நின்றுவிடக்கூடும். இதற்குச் சிறந்த மாற்று, வளைந்த விளிம்புடைய கேம் தட்டின் மேல் ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்ட சிறு பேரிங் உருளும் அமைப்பாகும். தட்டின் நடுப்பள்ளம் செங்குத்தாக இருந்தால் நடு நிலை கையில் தெளிவாக உணரப்படும். ஆழமற்றிருந்தால் அசைவு வழுவழுப்பாகும். தட்டை மாற்றினாலே கைப்பிடியின் குணமும் மாறிவிடுவது இந்த வடிவமைப்பின் பேரழகு.

இவற்றுக்குப் பின்னரே சென்சார். பொட்டென்ஷியோமீட்டரில் உலோக நுனி கரிப்பூச்சின் மேல் உரசி நகர்வதால் தேய்மானம் தவிர்க்க முடியாதது. 1879ஆம் ஆண்டில் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவின்படி இயங்கும் ஹால் சென்சாரோ காந்தத்தைத் தொடாமலே அளப்பதால் தேய்வதில்லை. சேகா நிறுவனம் 1998இல் வெளியிட்ட டிரீம்காஸ்ட்டின் கட்டுப்பாட்டுக் கருவியிலேயே அது இடம்பெற்றிருந்தது. ஒரு முழுச் சுற்றை 4096 பகுதிகளாகப் பிரிக்கும் காந்தச் சென்சார், 40 பாகை அசைவை ஏறத்தாழ 455 படிகளாகப் பகுத்துக் காட்டும். ஆயினும் அச்சு ஒரு பாகை ஆடினால் அவற்றுள் பதினொரு படிகள் பொருளற்றுப்போகும்.

கருவியைச் சோதிக்க விரும்புவோர் டெட் ஜோனை நீக்கிவிட்டு, கைப்பிடியை இடப்புறம் சாய்த்து மெல்ல விட்டு அது நிற்கும்போது சென்சார் காட்டும் எண்ணையும், வலப்புறத்திலிருந்து விட்டு அது நிற்கும்போது காட்டும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வரும்வரை புதிய சென்சாருக்குப் பணம் செலவிட வேண்டாம்.