விலை கூடிய பெற்றோல் வேகம் தருமா?

ஒக்டேன் எண் கூடினாற் பெற்றோலின் சக்தியும் கூடும் என நம்புவோர் பலர். உண்மை அதுவன்று. சுடர் வந்து சேருமுன், அமுக்கத்தாலும் வெப்பத்தாலும் கலவை தானாக வெடித்துவிடாது தாக்குப்பிடிக்கும் தன்மையையே அவ்வெண் குறிக்கின்றது. அவ்வாறு வெடிக்கும்போது எஞ்சினுள்ளே தட்டலோசை எழும். அது நீடித்தாற் பிஸ்டனே பழுதாகும்.

1989ஆம் ஆண்டு வெளிவந்த மஸ்டா எம்.எக்ஸ்-5 என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். அதன் 1.6 லீற்றர் எஞ்சினின் அமுக்க விகிதம் 9.4 தான். அமெரிக்காவில் அதற்கு விதிக்கப்பட்டது 87 ஒக்டேன். எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம்: அங்கே இருவகைச் சோதனைகளின் சராசரியையே பம்பில் எழுதுவர், நம் நாட்டு 92 ஏறக்குறைய அதற்கு நிகரானதே.

தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் அந்த எஞ்சினுக்கு நாம் 95ஐ ஊற்றினால் என்ன நிகழும்? ஒன்றும் நிகழாது, பணந்தான் கரையும். தட்டலை உணரும் கருவி அதில் இல்லை. ஆகவே, ஊற்றிய பெற்றோலுக்கேற்பத் தீப்பொறியின் நேரத்தை மாற்றிக்கொள்ள அதற்குத் தெரியாது. பிற்காலத்து எஞ்சின்கள் பல அதனை அறியும். அவற்றின் கைந்நூல் 95 கேட்டால் அதையே ஊற்றுக.

பழைய காரிலும் ஒரு வழி உண்டு. தீப்பொறியின் நேரத்தை 10 பாகையிலிருந்து 14 பாகைக்கு முன்தள்ளும் ஆர்வலர் உளர். எஞ்சின் சற்றுத் துடிப்புப் பெறும்; ஆயின் தட்டலும் நெருங்கிவரும். 95க்கு அங்கேதான் வேலை.