கோணல் மனையில் நேரான வீடு

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் முன்னோர் வாக்கு. இதன் பொருளைத் தோட்டத்துப் பெற்றோருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. லயத்து வீடு வேலைக்கு உரியது. வேலை முடிந்தால் வீட்டையும் விட்டு நீங்க வேண்டும். நெகிரி செம்பிலானில் சிரம்பான், லாபு, நீலாய் வட்டாரங்களில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்கள் பல இன்று குடியிருப்புகளாக மாறிவிட்டன. ஆகவே, சேமநிதிப் பணத்தைக் கொண்டு சொந்த மனை தேடுவோர் நம்மிடையே பலர்.

அவர்தம் கைக்கெட்டும் விலையில் கிடைப்பது சில வேளைகளில் கோணல் மனையாக இருக்கும். சாலை வளையுமிடத்திலும் கால்வாய் நிலத்தை அறுத்துச் செல்லுமிடத்திலும் மிஞ்சும் துண்டு நிலம் அது. அதை வாங்கலாமா, அதில் வீடு கட்டலாமா என்று பெற்றோர் சிலர் நம்மை வினவுவதுண்டு. அளந்தறிந்து வாங்கலாம், திட்டமிட்டுக் கட்டலாம் என்பதே நம் விடை.

முதலில் அளத்தலைக் காண்போம். ஒரு மனையின் நான்கு பக்கங்கள் வரிசையாக 52, 80, 68, 40 அடி என்று கொள்வோம். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்குவது பலர் கையாளும் வழி. 52-உம் 68-உம் சேர்ந்து 120. அதில் பாதி 60. 80-உம் 40-உம் சேர்ந்து 120. அதிலும் பாதி 60. ஆகவே 60 × 60 = 3,600 சதுர அடி என்பர். எகிப்து நாட்டு எட்ஃபு கோயிலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பொறிக்கப்பட்ட நிலக் கணக்கிலும் இம்முறையே காணப்படுகிறது. பழைமையானதுதான், எனினும் பிழையானது. செவ்வகத்துக்கு மட்டுமே அது பொருந்தும். பக்கங்கள் கோணலாயின் உண்மையைவிட மிகுத்தே காட்டும்.

சரியான வழி நம் மாணவர் கற்கும் முக்கோணக் கணக்கே. மனையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கயிறு கட்டுக. மனை இரண்டு முக்கோணங்களாகப் பிரியும். நம் மனையில் அக்கயிற்றின் நீளம் 84 அடி. மற்ற இரு மூலைகளிலிருந்தும் கயிற்றுக்குச் செங்குத்தாக அளந்தால் 48 அடியும் 32 அடியும் வரும். 84-இல் பாதி 42. அதை 48-உம் 32-உம் சேர்ந்த 80-ஆல் பெருக்கினால் 3,360 சதுர அடி. ஏறக்குறைய 312 சதுர மீட்டர். முன்னைய கணக்கில் 240 சதுர அடி மிகை! பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் இரண்டு அடங்கும் இடம் அது. இல்லாத அவ்விடத்துக்கு ஏழைத் தொழிலாளி ஏன் காசு கொடுக்க வேண்டும்?

நாம் அளப்பது ஏமாறாமல் இருப்பதற்கே. சட்டப்படி செல்லுவது நிலப்பட்டாவில் உள்ள அளவே. ஆகவே முன்பணம் கொடுக்குமுன் நில அலுவலகத்தில் பட்டாவைச் சரிபார்த்து, எல்லைக் கற்களையும் நேரில் காண வேண்டும்.

இனிக் கட்டுதல். மனை கோணலென்று அறைகளையும் கோணலாக்குதல் தவறு. கட்டிலும் அலமாரியும் சுவரோடு பொருந்தமாட்டா. நீண்ட, நேரான எல்லையைத் தேர்ந்து, விதிப்படி விட வேண்டிய இடத்தை விட்டு, அதற்கு இணையாக வீட்டை நிறுத்துக. மூலை மட்டம் பார்க்க 6 அடி, 8 அடி, 10 அடிக் கயிறுகளை முக்கோணமாகக் கட்டினால் போதும். பத்தடிக்கு எதிரே அமைவது செங்கோணம். எஞ்சும் கூர்மூலைகளில் முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி வைக்கலாம். வரைபடத்துக்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி பெற்ற பின்னரே கட்டத் தொடங்க வேண்டும்.

மனை குறுகலாயின் மலாக்காவைப் பாருங்கள். முன்னர் ஹீரன் தெரு எனப்பட்ட துன் டான் செங் லோக் சாலையில் உள்ள பழைய வீடுகள் முகப்பில் குறுகியவை. உள்ளே மிக நீண்டவை. நடுவே விடப்பட்ட திறந்த முற்றங்கள் வெளிச்சமும் காற்றும் தருகின்றன. இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, 1958-ஆம் ஆண்டு கொழும்பில் ஒரு சந்தில் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளுள் ஒன்றைப் பெற்றார். பின்னர் மற்றவற்றையும் வாங்கி, இடையிடையே சிறு முற்றங்கள் விட்டு, நான்கையும் ஒரே இல்லமாக்கினார். இன்று உலகெங்குமிருந்து மக்கள் அதனைக் காண வருகின்றனர். லயம்போல் நின்ற வீடுகளே அவை என்பதை எண்ணிப் பாருங்கள்.

மாணவச் செல்வங்களே! முக்கோணக் கணக்கு தேர்வுக்கு மட்டுமன்று. பள்ளித் தோட்டத்தில் ஒரு கயிற்றைக் கொண்டு இன்றே அளந்து பழகுங்கள். நாளை உங்கள் தந்தையார் ஒரு மனைக்குக் கையொப்பமிடச் செல்லும்போது, அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்து நிற்பது உங்கள் கையாக இருக்கட்டும்.